தூக்கிய கலப்பை தானாக இறங்கினால்

காலையில் எஞ்சினைக் கிளப்பியதும் பின்னாலுள்ள கலப்பை ஒழுங்காக மேலே எழும். வெயில் ஏறி, இரண்டு மூன்று மணி நேர வேலைக்குப் பிறகு லீவரை இழுத்தால் பாதித் தூரம் போய் நின்றுவிடும். எஞ்சினை நிறுத்தினால் கண் முன்னாலேயே தரைக்கு இறங்கும். நாற்பது, ஐம்பது வயதான டிராக்டரை வைத்திருப்பவர்களுக்கு இந்த நோய் நன்றாகத் தெரியும். கண்டியைச் சுற்றியுள்ள கராஜ்களில் இதற்கு உடனே கிடைக்கும் தீர்ப்பும் தெரிந்ததுதான்: "பம்பு போயிருச்சு, மாத்தத்தான் வேணும்."

இந்தத் தீர்ப்பை அவ்வளவு எளிதாக ஏற்றுக்கொள்ளக் கூடாது. எஞ்சின் நின்றால் பம்பும் நின்றுவிடுகிறது. அதன்பின் கலப்பையைத் தாங்கி நிற்பது சிலிண்டருக்குள் அடைபட்டிருக்கும் கொஞ்சம் ஒயில் மட்டுமே. கலப்பை இறங்குகிறது என்றால் அந்த ஒயில் ஏதோ ஒரு வழியால் வெளியேறுகிறது. அந்த வழியைக் கண்டுபிடிப்பதுதான் திருத்த வேலை. அதற்குப் பிறகு வருவதெல்லாம் கழற்றுவதும் பூட்டுவதும்தான்.

கண்டி மலைப்பகுதியின் வயல்கள் படிக்கட்டு வயல்கள். அவற்றில் நான்கு சில்லு டிராக்டர் திரும்பவே இடம் போதாது. அங்கே உழுவது இரண்டு சில்லு உழவு இயந்திரம்தான். ஆனாலும் பெரிய டிராக்டருக்கு இங்கே வேலை குறைவில்லை. கலஹா, தெல்தோட்டை, புஸ்ஸல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து மூட்டைகளை மலையிலிருந்து தொழிற்சாலைக்கு இறக்குவது, உள்ளூராட்சி சபைகளின் குப்பைப் பெட்டியை இழுப்பது, மணலும் செங்கல்லும் ஏற்றுவது எல்லாம் அதன் பாடு. கிழக்கே பதினெட்டு வளைவுப் பாதையில் இறங்கி ஹசலக்க, மினிப்பே சமவெளிக்குப் போனால் அதே டிராக்டர் அகன்ற நெல்வயலில் உழுகிறது. இவற்றில் கணிசமானவை மெஸி பெர்குசன் 35, 135, 240 ஆகிய மாதிரிகள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும், 2022 நெருக்கடியில் விலைகள் எகிறியதும் பழைய இயந்திரங்களின் ஆயுளை இன்னும் நீட்டின. புதிதாக வாங்க முடியாதபோது கையில் இருப்பதைச் சரியாகத் திருத்தத் தெரிந்திருப்பது பெரிய செல்வம்.

இந்த மெஸி மாதிரிகளின் ஹைட்ராலிக் பகுதி முழுவதும் டிராக்டரின் முதுகுக்குள் இருக்கிறது. இருக்கையைக் கழற்றினால் அதன் கீழே கனமான வார்ப்பிரும்பு மூடி ஒன்று தெரியும். சிலிண்டர் அந்த மூடியின் அடிப்புறத்தில் பூட்டப்பட்டிருக்கிறது. அதற்கும் கீழே, ஒயிலில் மூழ்கியபடி பம்பு. எஞ்சினிலிருந்து வரும் தண்டு ஒன்று பம்பின் நடுவே சுழல்கிறது. அதிலுள்ள மையம் விலகிய உருளைகள் நான்கு சிறிய பிஸ்டன்களை மாறி மாறி இழுத்துத் தள்ளுகின்றன. பம்பிலிருந்து ஒரு குழாய் நேராக மேலே ஏறிச் சிலிண்டருக்கு ஒயிலைக் கொண்டுபோகிறது. அங்கே பெரிய பிஸ்டன் பின்னால் நகர்ந்து ஒரு குறுக்குத் தண்டைத் திருப்புகிறது. அந்தத் தண்டின் இரு முனைகளிலும் உள்ள தூக்கு கைகள் கீழ்க் கம்பிகளை இழுத்துக் கலப்பையை உயர்த்துகின்றன.

பம்பின் பிஸ்டன் விரலளவுதான். அது எப்படி அரைத் தொன் கலப்பையைத் தூக்குகிறது? பிரான்ஸ் நாட்டின் பிளேஸ் பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டில் எழுதி, அவர் இறந்தபின் 1663இல் அச்சான நூலில் இதற்கு விடை இருக்கிறது. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமல் பரவும். பரப்பு கூடினால் விசையும் கூடும். சிலிண்டரின் விட்டம் மூன்று அங்குலம் என்று வைத்துக்கொண்டால் பரப்பு ஏறத்தாழ 7 சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு 2500 இறாத்தல் அழுத்தம் கொடுத்தால் பிஸ்டனைத் தள்ளும் விசை 17,500 இறாத்தல், அதாவது 8 தொன்னுக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் பிஸ்டன் நகர்வது கொஞ்சத் தூரம். கலப்பை எழுவது அதைவிடப் பல மடங்கு. தூரத்தில் கூடியதை விசையில் விட்டுக்கொடுக்க வேண்டும். ஆகவே கீழ்க் கம்பிகளின் நுனிக்கு வந்து சேர்வது ஒரு தொன் அளவிலான தூக்கு விசைதான். இந்தக் கணக்கைத் திருத்த வேலையின்போது மறக்கக் கூடாது. வெளியே தொங்கும் ஒவ்வொரு கிலோவும் உள்ளே இருக்கும் ஒரு வளைய இறப்பரின் மேல் பல கிலோவாக இறங்குகிறது.

இந்தச் சிலிண்டரில் ஒயில் ஒரு பக்கம் மட்டுமே தள்ளும். கலப்பையைத் தூக்குவது அழுத்தம். இறக்குவது கலப்பையின் சொந்தப் பாரம். அழுத்தத்துக்கும் பாரத்துக்கும் இப்படி வேலையைப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு கண்டிக்குப் பக்கத்திலேயே மாபெரும் அளவில் இருக்கிறது. 1985இல் திறக்கப்பட்ட, 122 மீற்றர் உயரமுள்ள விக்டோரியா அணைக்கட்டின் எட்டு வான்கதவுகளை மூடுவதற்கு ஹைட்ராலிக் அழுத்தம் உதவுகிறது. திறப்பதற்கு காங்கிரீட் எதிர்எடைகள். மின்சாரம் நின்றாலும் வெள்ளம் வந்தால் கதவு திறந்தாக வேண்டும் என்பதற்காக அந்த வேலையைப் புவியீர்ப்பிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அணையில் பாதுகாப்பாக இருக்கும் அதே குணம் டிராக்டரில் ஆபத்து. டிராக்டரில் அழுத்தம் போனால் பாரம் விழும்.

நமது கராஜ்களில் நிற்கும் இந்த அமைப்புக்கு மூல மனிதர் ஹரி பெர்குசன். அயர்லாந்தின் வடபகுதியில் டவுன் மாவட்டத்தில் 1884இல் பிறந்தவர். 1917இல், உலகப் போரின் உணவுத் தட்டுப்பாட்டு நாட்களில், அயர்லாந்தின் விவசாய வாரியம் டிராக்டர் உழவைச் சீராக்கும் வேலையை அவரிடம் கொடுத்தது. அக்காலத்து டிராக்டர்கள் கலப்பையைச் சங்கிலியால் கட்டி இழுப்பதுபோலப் பின்னால் இழுத்துக்கொண்டு போயின. கலப்பை மண்ணுக்குள் ஒரு பாறையில் சிக்கினால் பின் சில்லுகள் நிற்கும், எஞ்சின் நிற்காது. முன்பக்கம் மேலே கிளம்பி, டிராக்டர் ஓட்டுநர் மேலேயே கவிழும். இப்படிப் பலர் இறந்தார்கள்.

பெர்குசன் கலப்பையையும் டிராக்டரையும் ஒரே உடம்பாக்கினார். கீழே இரண்டு கம்பிகள், மேலே ஒரு டொப் லிங்க். கலப்பை மண்ணைக் கிழிக்கும்போது அது முன்னோக்கிச் சரியப் பார்க்கும். அப்போது டொப் லிங்க் டிராக்டரை முன்னோக்கித் தள்ளும். அந்தத் தள்ளுதல் முன் சில்லுகளைத் தரையோடு அழுத்துகிறது. இன்னும் முக்கியமானது, டொப் லிங்கின் அடியில் அவர் வைத்த பெரிய சுருள்வில். மண் இறுகினால் இழுவை கூடும், வில் சில மில்லிமீற்றர் அமுங்கும், அந்த அசைவு நெம்புகோல்கள் வழியாக வால்வைத் திறந்து கலப்பையைச் சற்றே உயர்த்தும். மண் இளகினால் கலப்பை மறுபடி இறங்கும். ஓட்டுநர் லீவரைத் தொடாமலே மண்ணின் கடினத்தை டிராக்டர் தானே உணர்ந்துகொள்கிறது. 1925இல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த இந்த ஏற்பாட்டை, கணினி இல்லாத காலத்தின் மிக நேர்த்தியான தானியங்கிக் கட்டுப்பாடுகளில் ஒன்றாக நான் மதிக்கிறேன். 1936இல் பெர்குசன்-பிரவுன், 1939இல் ஹென்றி ஃபோர்டுடன் சேர்ந்து செய்த 9என், 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்ட்ரியில் ஐந்து இலட்சத்துக்கும் அதிகமாகத் தயாரிக்கப்பட்ட டிஇ20 என்று அது வளர்ந்தது. மெஸி-ஹாரிஸ் நிறுவனத்துடன் 1953இல் இணைந்த பின் வந்தவைதான் 35உம், 1964இன் இறுதியில் அறிமுகமான 135உம். 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனமும் இந்தக் குடும்பத்து டிராக்டர்களையே செய்துவந்தது.

பெர்குசன் அமைப்பில் மெக்கானிக்குகளைக் குழப்பும் ஒரு விசேடம் உண்டு. பல ஹைட்ராலிக் இயந்திரங்களில் பம்பு ஓயாமல் ஒயிலைத் தள்ளிக்கொண்டிருக்கும். கொன்ட்ரோல் வால்வு வெளியேறும் பக்கத்தில் நின்று அதைச் சிலிண்டருக்கோ திரும்பத் தொட்டிக்கோ அனுப்பும். பெர்குசனில் வால்வு இருப்பது பம்பு உறிஞ்சும் பக்கத்தில். லீவரை உயர்த்தினால் உறிஞ்சும் வாய் திறக்கும். பம்பு ஒயிலை இழுத்துத் தள்ளும். வேண்டிய உயரம் வந்ததும் வாய் மூடிக்கொள்ளும். பம்பின் பிஸ்டன்கள் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் தள்ளுவதற்கு ஒயில் கிடைக்காது. வீண் வேலையும் வீண் சூடும் இல்லை. லீவரைத் தாழ்த்தினால் அதே வால்வு மறுபக்கம் நகர்ந்து, சிலிண்டரின் ஒயிலைக் கீழே வடியவிடும். பம்பு கிளச்சோடு இணைந்தது. இரட்டைக் கிளச் மாதிரிகளில் மிதியை அடிவரை அழுத்தினால் அதுவும் நின்றுவிடும். "கிளச்சை மிதிச்சா தூக்க மாட்டேங்குது" என்று வரும் முறைப்பாட்டில் பழுது எதுவும் இல்லை, அது இயல்பு.

ஆக, உயர்த்திய கலப்பை நிற்பதற்குப் பல இடங்கள் ஒயிலைப் பிடித்துவைக்க வேண்டும். சிலிண்டர் பிஸ்டனின் வளையங்கள், மேலே ஏறும் குழாயின் இரு முனைகளிலும் உள்ள ஓ-ரிங்குகள், கொன்ட்ரோல் வால்வின் உடம்பு, அளவுக்கு மீறிய அழுத்தத்தை விடுவிக்கும் பாதுகாப்பு வால்வு, பம்பின் வெளியேற்று வால்வுகள். இவற்றில் ஏதாவது ஒன்று தோற்றாலும் போதும்.

ஒயில் ஒரு மெல்லிய இடுக்கு வழியாகக் கசியும்போது இயற்கை ஒரு கடுமையான கணக்கைப் பின்பற்றுகிறது. கசிவின் அளவு அழுத்தத்தின் நேர் விகிதத்தில் கூடும். ஆனால் இடுக்கின் அகலத்துக்கு அது கன விகிதத்தில் கூடும். இடுக்கு இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு, மூன்று மடங்கானால் இருபத்தேழு மடங்கு. வரப்பில் நண்டு தோண்டிய வளை கொஞ்சம் பெருத்ததும் ஒரே இரவில் வயல் வற்றிவிடுவதை விவசாயிகள் பார்த்திருப்பார்கள். இருபது மைக்ரோன் இடைவெளியோடு பல வருடம் உழைத்த பிஸ்டன், தேய்ந்து நாற்பது மைக்ரோன் ஆனதும் தடாலென்று கைவிட்டதுபோலத் தோன்றுவதற்குக் காரணம் இதுதான். நாற்பது மைக்ரோன் என்பது தலைமுடியின் தடிப்பைவிடக் குறைவு. கண்ணால் பார்த்து "சிலிண்டர் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வது போதாது. அளந்து பார்க்க வேண்டும்.

அதே கணக்கில் இன்னொரு உறுப்பு ஒயிலின் பிசுபிசுப்பு. ஒயில் தடிப்பாக இருந்தால் கசிவு குறையும், இளகினால் கூடும். 100 என்ற தரத்துக் கனிம ஒயிலின் பிசுபிசுப்பு 40 பாகை செல்சியசில் 100 அலகு என்றால், 100 பாகையில் ஏறத்தாழ 11 அலகுக்கு விழுந்துவிடும். காலைக் குளிரில் ஒயில் தடித்து, தேய்ந்த இடுக்கையும் தானே அடைத்துக்கொள்கிறது. மத்தியானத்தில் தண்ணீர்போல் இளகி, அதே இடுக்கால் ஓடிப்போகிறது. காலையும் மாலையும் வேறு வேறு டிராக்டர்போல் நடந்துகொள்வதற்கு விளக்கம் இவ்வளவுதான். இதனால் ஒரு குறுக்குவழி பரவியிருக்கிறது: இன்னும் தடித்த ஒயிலை ஊற்றுவது. சில வாரத்துக்கு அது பலனும் தரும். ஆனால் தடித்த ஒயிலைக் காலையில் பம்பு உறிஞ்சத் திணறும். கியர்களுக்கும் அது ஏற்றதாக இராது. வலியை மறைத்துப் புண்ணை வளர்க்கும் இந்த வைத்தியத்தை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

கியர்கள் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்த மாதிரிகளில் கியர் பெட்டி, பின் அச்சு, ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே ஒயில்தான். முப்பது லீற்றருக்கு மேல் பிடிக்கும். வடிவமைப்பு எளிமையானதற்குக் கொடுத்த விலை இது. பெர்குசனை எவ்வளவு மதித்தாலும் இந்த ஒரு முடிவை அமைப்பின் பலவீனமான இடமாகவே நான் பார்க்கிறேன். கியர்ப் பற்கள் தேய்ந்து உதிரும் இரும்புத் தூள் எல்லாம் பம்பின் வாயைத் தேடி வருகிறது. அங்கே ஒரு கம்பி வலை வடிகட்டி இருக்கிறது. சேறு படிந்து அது அடைத்தால் பம்பு பட்டினி கிடக்கும், தூக்குதல் மெதுவாகும், உள்ளே இரைச்சல் கேட்கும்.

கண்டியில் இதோடு மழையும் சேர்ந்துகொள்கிறது. கியர் லீவர்களின் அடியில் உள்ள இறப்பர் உறை கிழிந்திருந்தால், வெளியில் நிற்கும் டிராக்டரின் ஒவ்வொரு மழையும் நேராகக் கியர் பெட்டிக்குள் வடியும். ஆற்றில் இறக்கிக் கழுவும் பழக்கமும், பகலில் சூடேறி இரவில் குளிரும்போது மூடிகளின் உட்புறத்தில் வேர்க்கும் ஈரமும் மீதியைச் செய்யும். அளவு கோலை எடுத்துப் பார்த்தால் ஒயில் பால்விட்ட தேநீர் நிறத்தில் இருக்கும். நீர் கலந்த ஒயில் உராய்வைத் தாங்காது. வால்வு உடம்பில் துரு பிடிக்கும். துரு உதிர்ந்து இடுக்குகளைச் சுரண்டும். சந்தேகம் இருந்தால் சுலபமான பரிசோதனை ஒன்று உண்டு. தடித்த இரும்புத் தகட்டைச் சூடாக்கி, தீ இல்லாத இடத்தில் வைத்து, தள்ளி நின்று, அதில் இரண்டு சொட்டு ஒயிலை விடுங்கள். அமைதியாகப் புகைந்தால் நீர் இல்லை. பொரிந்து சடசடத்தால் நீர் இருக்கிறது. இந்த ஒயிலை வடிக்காமல் உள்ளே எந்தச் சீலை மாற்றினாலும் பணம் வீண்.

வடிப்பதானால் டிராக்டரைச் சற்று நேரம் ஓட்டி, சூடான நிலையில் வடிக்க வேண்டும். அடியில் ஒன்றுக்கு மேற்பட்ட வடிப்பு ஆணிகள் இருக்கின்றன. ஒன்றை மட்டும் கழற்றினால் மற்ற அறைகளில் சேறு தங்கிவிடும். வடித்ததை ஓடையில் விடக் கூடாது. கண்டியின் ஓடைகள் பெரும்பாலும் மகாவலியில் சேர்கின்றன. பொல்கொல்லையில் அந்த நீர் திருப்பப்பட்டு வட மத்திய மாகாணத்து வயல்வரை போகிறது.

நல்ல ஒயில் விட்டும் கலப்பை இறங்கினால் கசிவைத் தேடலாம். முதல் சோதனைக்குக் கருவி தேவையில்லை. கலப்பையை முழுதாக உயர்த்தி எஞ்சினை நிறுத்தி, மணிக்கூட்டைப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் தரை தொட்டால் கசிவு பெரிது. நன்றாக இருக்கும் டிராக்டர் நெடுநேரம் பிடித்து நிற்கும். எஞ்சின் ஓடும்போது கலப்பை ஓயாமல் மேலும் கீழும் தலையாட்டினாலும் இதே நோய்தான்: கசிவால் கொஞ்சம் இறங்குகிறது, நெம்புகோல்கள் அதை உணர்ந்து வால்வைத் திறக்கின்றன, பம்பு தூக்குகிறது, மறுபடி கசிகிறது. தலையாட்டும் டிராக்டரில் பம்பு நல்ல நிலையில் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. அதற்கு மாறாக, எஞ்சின் நின்றபின் கலப்பை அசையாமல் நிற்கிறது, ஆனால் தூக்கும்போது மட்டும் மெதுவாக எழுகிறது என்றால், வடிகட்டியையும் பம்பையும் பார்க்க வேண்டும். விட்டு விட்டு, தட்டித் தட்டி எழுந்தால் பம்பின் அறைகளில் ஒன்று வேலை செய்யவில்லை. அதன் சிறிய வால்வு ஒட்டியிருக்கலாம், சுருள்வில் உடைந்திருக்கலாம். முழுப் பம்பையும் மாற்றத் தேவையில்லை.

அடுத்த சோதனைக்கு வலப்பக்கத்தில் அளவு கோல் செருகும் மூடியைக் கழற்ற வேண்டும். ஒயிலை மூடியின் விளிம்புக்குக் கீழே, ஆனால் பம்பின் வாய் மூழ்கும் அளவுக்கு வைத்துக்கொண்டு, பாரத்தைத் தூக்கி, எஞ்சினை நிறுத்தியபின் டோர்ச் அடித்துப் பாருங்கள். பாரம் இறங்கிக்கொண்டிருக்கும்போது ஒயில் எங்கிருந்து வருகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். மேலே சிலிண்டரின் வாயிலிருந்து கொட்டினால் பிஸ்டன் வளையம். குழாயின் அடியிலோ தலையிலோ பீச்சினால் அங்குள்ள ஓ-ரிங். கீழே பம்புக்குள்ளிருந்து கலங்கி வந்தால் கொன்ட்ரோல் வால்வு அல்லது பாதுகாப்பு வால்வு. இந்த அரை மணி நேரப் பரிசோதனையைச் செய்யாமல் பம்புக்கு ஓடர் கொடுப்பதை நான் பெரிய அநியாயமாக நினைக்கிறேன். பணம் கொடுப்பவர் பெரும்பாலும் அந்தப் போகத்து அறுவடையை நம்பி இருப்பவர்.

சிலிண்டர் என்று தெரிந்தால் மேல் மூடியைத் தூக்கியாக வேண்டும். இரண்டு ஆட்களாலும் பத்திரமாகத் தூக்க முடியாத பாரம் அது. சங்கிலிக் கப்பி கட்டாயம். தலைகீழாகத் திருப்பிச் சிலிண்டரைக் கழற்றினால் பிஸ்டன் வெளியே வரும். சில மாதிரிகளில் வார்ப்பிரும்பு வளையங்கள், சிலவற்றில் இறப்பர் வளையமும் அதற்கு முட்டுக்கொடுக்கும் கடினமான துணை வளையமும். சிலிண்டரின் உட்சுவரில் நீளக் கீறல் இருந்தால் புது வளையம் போட்டும் பயன் இல்லை. மெல்லிய கீறலைத் தேய்த்து எடுக்கலாம். நகம் சிக்கும் கீறல் என்றால் சிலிண்டரையே மாற்ற வேண்டும்.

இந்தச் சிறிய வளையத்துக்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. இங்கிலாந்தில் ஜோசப் பிரமா 1795இல் ஹைட்ராலிக் அழுத்திக்குக் காப்புரிமை பெற்றார். பாஸ்கலின் விதியை வேலைக்குக் கொண்டுவந்த முதல் பெரிய இயந்திரம் அது. ஆனால் பிஸ்டனைச் சுற்றி நீர் கசிந்தது. இறுக்கிக் கட்டினால் பிஸ்டன் அசைய மறுத்தது. தளர்த்தினால் அழுத்தம் நிற்கவில்லை. பிரமாவின் பட்டறையில் வேலை பார்த்த ஹென்றி மோட்ஸ்லி கிண்ண வடிவத் தோல் வளையம் ஒன்றைச் செய்தார். உள்ளே அழுத்தம் ஏற ஏறக் கிண்ணத்தின் உதடு தானாக விரிந்து சுவரோடு ஒட்டும். அழுத்தம் இறங்கினால் தளர்ந்து பிஸ்டனை விடும். கசியப் பார்க்கும் விசையையே கசிவை அடைக்க வைத்தார். அமெரிக்காவில் குடியேறிய டென்மார்க்குக்காரர் நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1930களில் காப்புரிமை பெற்ற ஓ-ரிங்கும் இதே யோசனையில்தான் வேலை செய்கிறது. பள்ளத்துக்குள் கிடக்கும் வட்ட இறப்பரை அழுத்தம் ஒரு மூலைக்குத் தள்ளி நசுக்குகிறது. நசுங்கிய இறப்பர் இடுக்கை அடைக்கிறது. அழுத்தம் மிகக் கூடினால் அதே இறப்பர் இடுக்குக்குள் பிதுங்கிக் கடிபடும். துணை வளையம் அதைத் தடுப்பதற்குத்தான். பழையது தொலைந்துவிட்டது என்று துணை வளையம் இல்லாமல் பூட்டினால் புது ஓ-ரிங் சில நாளில் ஓரம் கடிபட்டு வெளியே வரும்.

எந்த இறப்பர் என்பதும் முக்கியம். இலங்கை இறப்பருக்குப் பேர்போன நாடு. 1876இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த இறப்பர் கன்றுகளில் பெரும்பாலானவை ஹெனரத்கொடவில் நடப்பட்டன. அந்த மரத்தின் இயற்கை இறப்பர் டயருக்குச் சிறந்தது, ஒயிலுக்கு ஆகாது. கனிம ஒயிலும் இயற்கை இறப்பரும் கார்பனும் ஐதரசனும் கோத்த ஒரே வகைச் சங்கிலிகள். ஒயில் இறப்பருக்குள் புகுந்து ஊதவைக்கும். வளையம் பெருத்து மிருதுவாகிக் கிழியும். 1930களில் ஜெர்மனியில் உருவான நைட்ரைல் இறப்பரில் மின்னேற்றச் சாய்வுள்ள நைதரசன் கூட்டங்கள் இருப்பதால் ஒயில் உள்ளே போவதில்லை. டிராக்டருக்குத் தேவை அதுதான். கடையில் இரண்டும் கறுப்பு, இரண்டும் வட்டம். தண்ணீர்க் குழாய்க்கு வைத்திருக்கும் வளையத்தை அளவு சரியாக இருக்கிறதென்று வாங்கிவிடக் கூடாது. நைட்ரைல் என்று கேட்டு வாங்க வேண்டும். சந்தேகமானால் ஒன்றைச் சூடான ஒயிலில் ஓரிரவு போட்டு மறுநாள் கலிப்பரால் அளந்தால் தெரிந்துவிடும்.

கொன்ட்ரோல் வால்வைத் தொடும்போது மட்டும் கை பணிவோடு இருக்க வேண்டும். அந்தத் தண்டும் அதன் துளையும் சில மைக்ரோன் இடைவெளியில் ஒன்றுக்கொன்று பொருத்தித் தேய்க்கப்பட்டவை. ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று எமரி தாளால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் கன விகிதக் கணக்கு உடனே வேலை செய்யத் தொடங்கும். சுத்தமான டீசலில் கழுவி, பஞ்சு உதிராத துணியால் துடைத்தால் போதும்.

உயிருக்கு ஆபத்தான இரண்டு விடயங்களைச் சொல்லியாக வேண்டும். உயர்த்திய கலப்பைக்குக் கீழோ, டிப்பர் பெட்டிக்குக் கீழோ, மரக் குற்றியோ இரும்பு முட்டோ கொடுக்காமல் யாரும் போகக் கூடாது. மேலே தாங்குவது ஒரு கைப்பிடி ஒயில்தான். மற்றது, டிப்பர் பெட்டிக்குப் போகும் இறப்பர்க் குழாயில் ஊசித் துளைக் கசிவு. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தாரை கையைத் தோலோடு துளைத்து ஒயிலைச் சதைக்குள் செலுத்திவிடும். வெளியே ஒரு புள்ளி மட்டும் தெரியும், முதலில் வலி கூடக் குறைவாக இருக்கும். உள்ளே சில மணி நேரத்தில் சதை அழுகத் தொடங்கும். கையால் தடவிக் கசிவைத் தேடவே கூடாது. காட்போட் துண்டைக் குழாயோரம் நகர்த்திப் பார்க்க வேண்டும். பட்டுவிட்டால் மருந்து தடவிக் காத்திருக்காமல் உடனே கண்டி தேசிய வைத்தியசாலை போன்ற, சத்திரசிகிச்சை வசதியுள்ள இடத்துக்குப் போக வேண்டும். "அழுத்த ஒயில் ஏறிவிட்டது" என்று வைத்தியரிடம் சொல்ல வேண்டும். விரல் தப்புவது அந்த ஒரு வசனத்தில் இருக்கலாம்.

எல்லாம் மாற்றி மூடியை இறக்குமுன் டொப் லிங்கின் பெரிய சுருள்வில்லைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். முன்னும் பின்னும் ஆட்டம் இருந்தால் உள்ளேயுள்ள நெம்புகோல்களுக்குத் தவறான செய்தி போகும். கசிவே இல்லாத டிராக்டரும் நோயாளிபோல் நடந்துகொள்ளும். மூடியைப் பூட்டிய பிறகு இதைச் சரிசெய்வது சிரமம். கம்பி வலையைக் கழுவி, கையேட்டில் சொன்ன தரத்து ஒயிலை ஊற்றி, லீவரைப் பத்துப் பன்னிரண்டு முறை ஏற்றி இறக்கினால் குழாயில் சிக்கிய காற்று வெளியேறும். அதன் பின் அளவு கோலை மறுபடி பார்க்க வேண்டும். சிலிண்டர் நிறைந்ததால் மட்டம் இறங்கியிருக்கும். கியர் லீவரின் கிழிந்த உறைக்குப் புதியது போட மறந்துவிட்டு டிராக்டரை வெளியே நிறுத்தினால், அடுத்த பெரும் மழைக்கே புது ஒயில் வெளுக்கத் தொடங்கும்.